பொன்மழைக்கு ஒன்மோர் கிடையாது

உலகத்தில் எத்தனையோ இயக்குநர்கள் எத்தனையோ படங்களிலிருந்து விலகியிருக்கிறார்கள். தயாரிப்பாளரோடு சண்டை, கதாநாயகனோடு சண்டை, கதாநாயகனின் மைத்துனனோடு சண்டை என்று ஆயிரம் காரணம் இருக்கும். ஆனால் தன்னோடு தானே கருத்து வேறுபாடு கொண்டு, தனக்குத் தானே ராஜினாமா கொடுத்து, அதைத் தானே ஏற்றுக்கொண்டு விலகிய ஒரே இயக்குநர், கெடா மாநிலம் மெர்கோங்கைச் சேர்ந்த ஒன்மோர் அண்ணன்தான். யாருக்காவது சந்தேகம் இருந்தால், அவர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி இன்னும் என் கைப்பேசியில் இருக்கிறது.

‘பொன்மழை நகரம் திரைப்படத்திலிருந்து, தயாரிப்பாளருடன் ஏற்பட்ட கருத்து வேறுபாடு காரணமாக, இயக்குநர் விலகிக்கொள்கிறார். படக்குழுவுக்கு நன்றி. கிரீடத்தைத் திருப்பித் தரவேண்டாம்.’

கிரீடம் என்னிடம்தான் இருந்தது. நான்தான் அந்தப் படத்தின் மகாராஜா. உடனே அவரைக் கூப்பிட்டேன்.

“அண்ணே, தயாரிப்பாளர் யாரு?”

“நான்தான்.”

“டைரக்டரு?”

“நேத்து வரைக்கும் நான்தான்.”

“அப்ப யாருக்கும் யாருக்கும் சண்டை?”

“அது உள்வீட்டு விவகாரம் மகாராஜா. வெளிய பேசக்கூடாது லா,” என்று எங்கள் மலேசியத் தமிழுக்கே உரிய அந்த ‘லா’வோடு போனை வைத்துவிட்டார்.

ஒன்மோர் அண்ணனுக்குச் சொந்தப் பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும். அடையாள அட்டை இல்லாமல் மலேசியாவில் இத்தனை காலம் யாரும் இருக்க முடியாது. ஆனால் அந்தப் பெயரை நான் கேட்டதில்லை. மெர்கோங்கில் ஒரு மோட்டார் பட்டறைக்கு மேல்மாடியில் வீடியோ கடை வைத்திருந்தார். கல்யாணம், காதுகுத்து, கும்பாபிஷேகம், தமிழ்ப்பள்ளி விளையாட்டுப் போட்டி என்று அலோர் ஸ்டாரிலிருந்து பாலிங் வரைக்கும் எது நடந்தாலும் தோளில் காமிராவோடு முதல் ஆளாக நிற்பார். எதை எடுத்தாலும் ஒரு தடவையோடு திருப்தி வராது. “சூப்பர். ஒன்மோர்!” என்பார்.

ஒரு மண்டபத் திறப்பு விழாவில் சட்டமன்ற உறுப்பினர் ரிப்பன் வெட்டினார். கைதட்டல் ஓய்வதற்குள் அண்ணன் “ஒன்மோர்!” என்றார். வெட்டிய ரிப்பனை முடிச்சுப் போட்டு மறுபடி வெட்ட வைத்தார். அப்புறம் முடிச்சு காமிராவில் தெரிகிறது என்று முடிச்சிலேயே வெட்டச் சொன்னார். பாவம், அந்த மனிதர் கத்தரிக்கோலோடு போராடிக்கொண்டிருந்தபோது சனம் உள்ளே போய் மீகூன் நூடுல்ஸ் சாப்பிட ஆரம்பித்துவிட்டது. இன்னொரு நாள் தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் மாமாக் கடையில் தேத்தண்ணீர் ஆற்றுகிறவரைப் பார்த்து, “பாய், ஒன்மோர். கொஞ்சம் மேல தூக்கி,” என்றார். பாய் உற்சாகமாகிக் கையை வானத்துக்குத் தூக்கினார். தேத்தண்ணீரில் பாதி என் செருப்பில் விழுந்தது.

என்னை அவர் கண்டுபிடித்தது அலோர் ஸ்டார் பேருந்து நிலையத்தில். நான் அங்கே டிக்கெட் கவுண்டரில் இருக்கிறேன். பாலிங் போக டிக்கெட் வாங்க வந்தவர், இரண்டு கை விரல்களையும் சதுரமாக்கி, என் கண்ணாடி ஓட்டை வழியாக என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பின்னால் வரிசை நீண்டுகொண்டே போனது.

“உங்க மூஞ்சில ஒரு கவல இருக்கு தம்பி. நாட்ட எழந்த ராஜாவோட கவல.”

“பஸ்சு லேட்டு அண்ணே. அந்தக் கவலதான்.”

“அதே கவலய அப்படியே வச்சிருங்க. ஞாயித்துக்கெழம ஷூட்டிங்.”

நடிப்பில் எனக்குப் பயிற்சி என்று சொன்னால் பஸ் லேட்டான அந்தக் கவலை மட்டும்தான். என் தொப்பையும் மீசையும் மீதியைப் பார்த்துக்கொள்ளும் என்று அவரே சொல்லிவிட்டார். அன்றிலிருந்து சந்தையிலோ கோவிலிலோ எங்கே பார்த்தாலும் அவர் என்னை “மகாராஜா” என்றுதான் கூப்பிட்டார். என் மனைவிக்கு மட்டும் அதைக் கேட்டுச் சிரிப்பு நிற்காது.

‘பொன்மழை நகரம்’ எஸ்தர் அக்கா எழுதிய தொடர்கதை. எஸ்தர் அக்கா பெண்டாங்கில் ஒரு கிளினிக்கில் முன்மேசையில் வேலை பார்ப்பவர். பாலிங் பக்கத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில் பிறந்து வளர்ந்தவர். இளம்வயதில் ஒரு வார இதழில் அந்தக் கதையை எழுதியபோது, அடுத்த வாரம் என்ன ஆகும் என்று பால்மரம் வெட்டுகிற இடத்திலேயே பந்தயம் கட்டினார்களாம். பாலிங்கில் ஊரை ஒட்டி நிற்கிற சுண்ணாம்புக்கல் மலைக்கு அடியில் ஒரு ராஜ்ஜியம். ஒரு சாபத்தால் அங்கே மழையே கிடையாது. ராஜா தன் மகளை மேலே பூமிக்கு அனுப்புகிறார், மழையைக் கூட்டிக்கொண்டு வரச்சொல்லி. அவள் குகைகளைக் கடந்து, பறக்கும் நாகத்தை ஏமாற்றி, திரும்பி வந்து சிம்மாசனத்தில் உட்காரும்போது பாதாளத்தில் பொன்மழை பெய்கிறது. முற்றும்.

கதையைப் படமாக்க எஸ்தர் அக்கா ஒரே ஒரு நிபந்தனை போட்டார்.

“எல்லாக் கதயிலயும் கடைசில பொம்பளப் புள்ளைக்குக் கல்யாணம் பண்ணி வச்சிடுறானுங்க தம்பி. என் இளவரசிக்கு வேணாம். அவ ராணியா உக்காரணும். பக்கத்துல ஒருத்தனும் நிக்கக்கூடாது.”

எஸ்தர் அக்காவுக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஏன் என்று அவரிடம் கேட்கும் துணிச்சல் பெண்டாங்கில் யாருக்கும் இல்லை. அண்ணன் தலையை ஆட்டிவிட்டு வந்தார். வந்து என்ன செய்தார் என்றால், கல்யாணமே கூடாத அந்தப் படத்தை முழுக்க முழுக்கக் கல்யாணங்களிலேயே எடுத்தார்.

அவருடைய கணக்கு ரொம்ப நியாயமானது. படத்துக்கு அரண்மனை வேண்டும். நம்மிடம் இல்லை. ஆனால் ஒவ்வொரு முகூர்த்தத்துக்கும் யாரோ ஒருவர் ஓர் அரண்மனையைக் கட்டி, பூத் தொங்கவிட்டு, விளக்குப் போட்டு, ஊர்ச்சனத்துக்கெல்லாம் பட்டு உடுத்தி, சோறும் போட்டு, “வந்து படம் எடுங்க அண்ணே” என்று அவரையே கூப்பிடுகிறார்கள். பிறகு தனியாக அரண்மனை எதற்கு?

அதனால் என்னைக் கூப்பிடாத கல்யாணங்களுக்கெல்லாம் போனேன். பளபளா அங்கிக்கு மேல் சால்வை, கையில் பிளாஸ்டிக் பையில் கிரீடம். மாப்பிள்ளை வீட்டார் என்னைப் பெண் வீடு என்று நினைப்பார்கள், பெண் வீட்டார் மாப்பிள்ளை வீடு என்று நினைப்பார்கள். ஒரு அம்மா மட்டும், “நீங்க கேட்டரிங்கா? ரசம் தீந்துபோச்சு,” என்றார். பந்தி போட்டதும் மண்டபம் காலியாகும். அந்த இடைவெளியில் நான் மணவறையில் ஏறி உட்கார்ந்து, மழையில்லாத என் நாட்டை நினைத்துக் கண்கலங்க வேண்டும். எதிரே சாம்பார் வாசனை வரும். கண் தானாகவே கலங்கும்.

அரசவைக் காட்சிக்குக் கூட்டம் வேண்டுமென்றால் குடும்பப் படம் எடுக்கிற நேரத்தில் வேலையை முடித்துக்கொள்வார். “எல்லாரும் வாசப் பக்கம் பாருங்க. ஒரு பெரிய பாம்பு பறந்து வருதுன்னு நெனச்சுக்குங்க. ஆ! சூப்பர். சித்தப்பா மட்டும் சிரிக்கிறாரு. ஒன்மோர்!” இன்றைக்கும் கெடாவில் பல வீடுகளில் கல்யாண ஆல்பத்தைத் திறந்தால் ஒரு பக்கத்தில் மொத்தக் குடும்பமும் வாசலைப் பார்த்து நடுங்கிக்கொண்டிருக்கும்.

அந்தப் பறக்கும் நாகம், பட்டறைக்குப் பக்கத்துச் சீனர் சங்கத்தில் இரவல் வாங்கிய சிங்க நடனத்தின் சிங்கம்தான். அதற்குச் சேலைத் தலைப்பில் வால் தைத்தவர் என் மனைவி. அதையும் சிம்மாசனத்தையும் ஊர் ஊராக ஏற்றி இறக்கியவர் லோரி குணா. குணாவின் மகள் ஷாமினிதான் இளவரசி.

ஷாமினி நடிக்க வந்தபோது தமிழ்ப்பள்ளியில் நான்காம் ஆண்டு. படம் முடியும்போது ஐந்தாம் ஆண்டில் இருப்பாள் என்று அண்ணன் குணாவிடம் சொல்லியிருந்தார். ஆனால் ஆடியில் கல்யாணம் கிடையாது, ஆகவே ஷூட்டிங் கிடையாது. மார்கழியிலும் கிடையாது. மற்ற மாதங்களில் கல்யாணம் இருந்தால் ஷாமினிக்குப் பரீட்சை இருக்கும், பரீட்சை இல்லையென்றால் குணாவின் லோரி பினாங்கில் இருக்கும். இதனால் எங்கள் இளவரசி ஒரு குகையின் இந்த வாசலில் நுழைந்தபோது இரட்டைச் சடையோடு இருந்தாள், அந்த வாசலில் வெளியே வந்தபோது பல்லில் கம்பி போட்டிருந்தாள்.

“பாதாளத்துல காலம் வேகமா ஓடும்னு ஒரு வசனம் சேத்துக்கலாம்க்கா,” என்றார் அண்ணன்.

“அப்ப ராஜாவுக்கு ஏன் தொப்ப மட்டும் வளருது?” என்று கேட்டார் எஸ்தர் அக்கா. அந்தக் கேள்விக்கு இன்றுவரை படத்தில் பதில் இல்லை.

பிறகு பெருந்தொற்று வந்தது. கல்யாணத்துக்கு இத்தனை பேர்தான் என்று கட்டுப்பாடு வந்ததும் எங்கள் ராஜ்ஜியத்தின் மக்கள்தொகை ஒரே வாரத்தில் விரல்விட்டு எண்ணும்படி ஆகிவிட்டது. இருந்தவர்களும் மூக்கையும் வாயையும் மூடியிருந்தார்கள். அதற்கும் அண்ணன் அசரவில்லை. “பாதாளத்துல தூசி ஜாஸ்தி” என்று இன்னொரு வசனம் வந்தது. அந்தக் காலத்தில்தான் அண்ணனிடம் இருந்த இரண்டு காமிராவில் ஒன்று போனது. பாலிங்கில் ஆற்றுக்காட்சி எடுக்கப் போனார், காமிராவை ஆறு எடுத்துக்கொண்டது. அதற்கப்புறம் எங்களுக்கு ஒரே காமிரா. இதை நீங்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

பெண்டாங் கல்யாணத்தையும் சொல்லிவிடுகிறேன். அதைச் சொல்லாவிட்டால் மற்றது புரியாது.

அன்றைக்கு முகூர்த்த நேரத்தில் மண்டபத்தின் உயரத்து ஜன்னல் வழியாக ஒரு வெயில் கீற்று இறங்கி, நேராக என் மேல் விழுந்தது. நான் தூணோரமாகச் சும்மா நின்று முறுக்குத் தின்றுகொண்டிருந்தேன். அண்ணன் அதைப் பார்த்துவிட்டார். “மகாராஜா, அசையாதீங்க! கிரீடம்! கிரீடம்!” என்று காமிராவைத் திருப்பினார். நான் முறுக்கை விழுங்கி, கிரீடத்தை வைத்து, விண்ணைப் பார்த்தேன். அற்புதமான ஷாட். எடுத்து முடித்துத் திரும்பினால் பின்னால் கெட்டிமேளம் ஓய்ந்துவிட்டது. மாப்பிள்ளை தாலியைக் கட்டிவிட்டு வேர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அண்ணன் பழக்கதோஷத்தில் ஐயரைப் பார்த்து, “சாமி, ஒன்மோர்,” என்றார்.

“அடப்பாவி! தாலிக்கு ஏதுய்யா ஒன்மோர்?” என்று ஐயர் போட்ட சத்தம் மைக்கில் போய், சமையல்கட்டு வரைக்கும் கேட்டது.

வேறு ஆளாக இருந்தால் காலில் விழுந்திருப்பார். அண்ணன் கடைக்குப் போய், வேறொரு கல்யாணத்தில் எடுத்த தாலி கட்டும் கையை, கை மட்டும் தெரிகிற மாதிரி வெட்டி இதில் ஒட்டிவிட்டார். வீடியோ கொடுக்கும் அன்று நானும் கூடப் போயிருந்தேன். குடும்பமே உட்கார்ந்து ஆனந்தமாகப் பார்த்தது. தாலி கட்டும் இடம் வந்ததும் மாப்பிள்ளையின் அம்மா எழுந்து டிவி பக்கத்தில் போய்க் குனிந்தார்.

“ஏன்டா, ஒன் கையில இவ்வளவு முடி எப்படா மொளச்சுச்சு?”

மாப்பிள்ளை தன் கையைப் பார்த்தார், டிவியைப் பார்த்தார். “அம்மா, இது என் கை இல்ல.”

“அப்ப இது எவன் கை?”

நாங்கள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினோம். ‘எவன் கை’ என்பது அப்புறம் எங்கள் வட்டாரத்தில் நிரந்தரக் கேலியாகிவிட்டது. அண்ணனைப் பார்த்தால் சின்னப்பிள்ளைகள்கூடக் கையை நீட்டிக் காட்டும். அந்தக் கதையை ஊர் ஊராகச் சொல்லி, அதிகமாகச் சிரித்தவர் லோரி குணா.

இதற்குள் இளவரசி படித்து முடித்து, வேலைக்கும் போய்விட்டாள். படத்தில் எல்லாம் எடுத்தாகிவிட்டது, அந்தக் கடைசிக் காட்சி ஒன்றைத் தவிர. இளவரசி சிம்மாசனத்தில் உட்கார வேண்டும், ராஜா பக்கத்தில் நின்று ஆசீர்வதிக்க வேண்டும், மேலிருந்து பொன்மழை பெய்ய வேண்டும். பொன்மழைக்கு அண்ணன் மனதில் வைத்திருந்தது மஞ்சள் அட்சதை. கெட்டிமேளம் கொட்டியதும் நாலு பக்கமிருந்தும் சனம் மனசாரத் தூவுமே, அது. பந்திக்குப் பிறகு சும்மா தூவச்சொல்லி ஒரு தடவை எடுத்துப் பார்த்தார். சாப்பிட்ட மயக்கத்தில் கோழிக்குத் தீனி போடுகிற மாதிரி போட்டார்கள். நிஜத் தாலி கட்டும்போதுதான் அந்த மழை வரும். ஆனால் அடுத்தவர் முகூர்த்தத்தில் மணவறையில் ஷாமினியை எப்படி உட்கார வைப்பது?

அப்போதுதான் ஷாமினிக்கே கல்யாணம் நிச்சயமானது. பாலிங்கில் மண்டபம். மாப்பிள்ளை தெற்குக் கோடியில் ஜொகூரில் டயர் கடை வைத்திருப்பவர். கல்யாணம் முடிந்ததும் அங்கே போய்விடுவாள். செய்தி கேட்டு அண்ணன் ஆடிப்போய்விட்டார், சந்தோஷத்தில்தான்.

“மகாராஜா, நமக்குப் பொன்மழ வருது!”

“மாப்பிள்ளையும் வருவாரே அண்ணே. எஸ்தர் அக்கா ஒத்துக்க மாட்டாங்களே.”

“மாப்ள பிரேம்ல வரமாட்டாரு. காமிரா இந்தப் பக்கம். நீங்க, பாப்பா, மழ. அவ்வளவுதான்.”

“அப்ப தாலி கட்டுறத யாரு எடுப்பா?”

அண்ணன் என் செருப்பைப் பார்த்தார். தாலி கட்டுவதை எடுக்க காமிரா மணவறையின் அந்தப் பக்கம் இருக்க வேண்டும். பொன்மழைக்கு இந்தப் பக்கம். காமிரா ஒன்று.

அது மட்டும் என்றால் நான் இவ்வளவு கவலைப்பட்டிருக்க மாட்டேன். கல்யாணத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போது குணா பக்கவாதம் வந்து விழுந்துவிட்டார். சுங்கை பட்டாணியில் ஆஸ்பத்திரியில் கிடந்தார். பாலிங் வரைக்கும் கூட்டிப்போகவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஷாமினி தேதியைத் தள்ளிவைக்கலாம் என்று அழுதாள். குணா வாய் கோணிக்கொண்டே, “மாத்தாத” என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்.

நானும் அண்ணனும் பார்க்கப் போனோம். ஷாமினி கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றாள்.

“அங்கிள், கிளைமாக்ஸ் எடுத்துக்குங்க. நான் ரெடி. ஆனா தாலி கட்டுறத அப்பா வீடியோவுலதான் பாக்கணும். மத்ததெல்லாம் இல்லாட்டியும் பரவால்ல அங்கிள்.”

குணா இடது கையால் அண்ணனைக் கிட்டே கூப்பிட்டார். ஒவ்வொரு வார்த்தையாக, இழுத்து இழுத்துப் பேசினார்.

“அண்ணே, நான் ஏத்தி எறக்குன சிம்மாசனம்... வீணாப் போவக் கூடாது. படத்த முடிங்க. ஆனா மாப்ள கை எனக்குத் தெரியும். டயர் கடக் கை. கட்ட வெரல்ல தழும்பு. வேற எவன் கையாச்சும் ஒட்டுனீங்க...”

அதற்கு மேல் முடியாமல் சிரித்தார். ஷாமினி சிரித்தாள். நான் சிரித்தேன். அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. திரும்பி வருகிற வழியில் மாமாக் கடையில் நிறுத்தினோம். பாய் தேத்தண்ணீரை ஆற்றிக்கொண்டு வந்து வைத்தார். அண்ணன் ஒன்மோர் கேட்காமல் எடுத்துக் குடித்தார்.

உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அவர்மேல் நம்பிக்கை இல்லை. கை ஒட்டுவதில் அவர் கைதேர்ந்தவர். இந்த முறை தழும்புள்ள கையாகத் தேடிப்பிடித்து ஒட்டிவிடுவார் என்றுதான் நினைத்தேன். கல்யாணத்துக்கு முதல் நாள் என்னைக் கூப்பிட்டு, “ஒங்க கட்ட வெரல்ல தழும்பு ஏதாச்சும் இருக்கா மகாராஜா?” என்று கேட்டபோது எனக்கு அந்தச் சந்தேகம் உறுதியானது. இல்லை என்றேன். நல்லவேளை, இல்லை.

கல்யாணத்தன்று காலையில் அண்ணன் மணவறை ஓரத்தில் டேப் ஒட்டி என் இடத்தைக் காட்டினார். காமிராவை இந்தப் பக்கம்தான் வைத்தார். முன்வரிசையில் எஸ்தர் அக்கா நீலப் பட்டுடுத்தி, கைப்பையை மடியில் வைத்து, பரீட்சை மேற்பார்வையாளர் மாதிரி உட்கார்ந்திருந்தார். ஷாமினி மணவறைக்கு வரும்போது என் கிரீடத்தைப் பார்த்து, “வணக்கம் அப்பா மகாராஜா,” என்று சின்னவயதில் சொல்கிற அதே வசனத்தைச் சொல்லிவிட்டுப் போனாள்.

“அண்ணே, குணா?” என்று கேட்டேன்.

“ஒங்க வேலயப் பாருங்க. நாடு மீண்ட சந்தோஷம் மூஞ்சில வரட்டும்.”

கைப்பேசிகள் இருக்கின்றனவே, யாராவது எடுக்கமாட்டார்களா என்று நீங்கள் கேட்கலாம். எடுத்தார்கள். மண்டபமே எடுத்தது. அப்புறம் பார்த்தபோது ஒவ்வொருவர் கைப்பேசியிலும் அவருக்கு முன்னால் நின்றவரின் கைப்பேசிதான் தெளிவாகத் தெரிந்தது.

ஐயர் கையைத் தூக்கினார். கெட்டிமேளம் கொட்டியது. மாப்பிள்ளை தாலியை எடுத்தார். நான் ஒரு கையை நீட்டி ஆசீர்வதித்தபடி, முகத்தில் நாடு மீண்ட சந்தோஷத்தை வரவழைத்தேன். காமிராவின் சிவப்பு விளக்கு என்னையே பார்த்து எரிந்துகொண்டிருந்தது. சரி, குணாவுக்கு வேறு கைதான் என்று நினைத்தேன்.

திடீரென்று சிவப்பு விளக்கைக் காணோம்.

அண்ணன் காமிராவைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு ஓடினார். அந்தக் கனத்த உடம்போடு அவர் ஓடி நான் பார்த்ததேயில்லை. “நவுருங்க லா! நவுருங்க! அத்தே, கொஞ்சம் குனிங்க!” என்று பட்டுப் புடவைகளுக்கு நடுவே புகுந்து, ஒரு தாம்பாளத்தைத் தட்டிவிட்டு, மணவறையின் அந்தப் பக்கம் போய் மாப்பிள்ளையின் கைக்கு நேரே மண்டிபோட்டார். முதல் முடிச்சு விழும்போது காமிரா நிலைக்கு வந்துவிட்டது. நாலு பக்கமிருந்தும் அட்சதை கிளம்பியது. அப்படி ஒரு மழையை நான் எந்தக் கல்யாணத்திலும் பார்த்ததில்லை. அப்பா இல்லாத பெண் மாதிரி அவள் உட்கார்ந்திருக்கக்கூடாது என்று ஊரே சேர்ந்து தூவியது.

மூன்று முடிச்சும் விழுந்தன. அண்ணன் ஒன்மோர் சொல்லவில்லை.

இந்தப் பக்கம் நான் மட்டும் கிரீடத்தோடு, யாரையும் ஆசீர்வதிக்காமல், கையை நீட்டியபடி நின்றேன். எல்லாம் ஓய்ந்ததும் எஸ்தர் அக்கா எழுந்து அவரை நோக்கி நடந்தார். அவ்வளவுதான், கைப்பையால் அடிவிழப்போகிறது என்று நினைத்து நான் கிரீடத்தைக் கழற்றினேன். அக்கா ஒரு கிளாஸ் தண்ணீரை நீட்டினார்.

“குடிங்க தம்பி. மூச்சு வாங்குது.”

“அக்கா, ஒங்க கிளைமாக்ஸ்...”

“என் இளவரசிக்குத்தான் கல்யாணம் வேணாம்னேன். இந்தப் புள்ளைக்கு வேணாம்னு நான் எப்ப சொன்னேன்?”

மறுநாள் காலையில்தான் அந்த வாட்ஸ்அப் செய்தி வந்தது. அன்று மாலை ஆஸ்பத்திரி வாசலில் லேப்டாப்பைக் கட்டிப்பிடித்தபடி நின்றிருந்த அண்ணனோடு நான் போய்ச் சேர்ந்துகொண்டேன். உள்ளே போய்க் குணாவின் மடியில் லேப்டாப்பை வைத்தார்.

குணா கண்கொட்டாமல் பார்த்தார். தாலி கட்டும் இடம் வந்தது. இடது கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னார். அண்ணன் நிறுத்தினார். குணா முகத்தைத் திரைக்குக் கிட்டே கொண்டுபோய்த் தேடினார். கட்டை விரலில் தழும்பு இருந்தது. அதற்கு மேல், அட்சதை விழ விழ, தலை குனிந்திருந்த மகளின் முகம் முழுசாகத் தெரிந்தது. குணாவின் கண்ணிலிருந்து தண்ணீர் கன்னத்தில் ஓடியது. இடது கை லேப்டாப்பைப் பிடித்திருந்தது, துடைக்க வலது கை வரவில்லை. நான் துடைத்துவிட்டேன்.

“அண்ணே,” என்றார் குணா. கோணிய வாயைக் கஷ்டப்பட்டுச் சேர்த்தார். “ஒன்மோர்.”

அண்ணன் மறுபடி போட்டார். குணா மறுபடி கேட்டார். நர்ஸ் வந்து நேரமாகிவிட்டது என்று சொல்லும்வரை அவர் கேட்டுக்கொண்டும் இவர் போட்டுக்கொண்டும் இருந்தார்கள்.

வெளியே காடிகள் நிற்கிற இடத்துக்கு வந்ததும் நான் பொறுக்காமல் கேட்டேன்.

“ஏன் அண்ணே விலகுனீங்க? ஒரு காட்சிதானே போச்சு. வேற மாதிரி யோசிக்கலாமே லா.”

அவர் கொஞ்ச நேரம் சாவியைத் தேடுகிற மாதிரி பாக்கெட்டைத் தடவினார்.

“மகாராஜா, நான் யோசிச்சு அந்தப் பக்கம் ஓடல. மாப்ள தாலிய எடுத்ததும் குணா மொகம்தான் வந்துச்சு. அப்புறம் ஒங்க ஞாபகம் இல்ல. மழ ஞாபகம் இல்ல. இப்படி ஒரு படம் எடுக்குறேங்குற ஞாபகமே இல்ல லா. நீங்களே சொல்லுங்க. படத்தயே மறந்துட்டவன் அந்தப் படத்துக்கு டைரக்டரா இருக்கலாமா? தயாரிப்பாளரா நான் அத ஒத்துக்க முடியுமா?”

காடியில் ஏறி உட்கார்ந்தோம். அவர் ஓட்டினார். வழியெல்லாம் அட்சதை எத்தனை நல்ல மஞ்சளாக இருந்தது என்றே பேசிக்கொண்டு வந்தார்.

பொன்மழை நகரம் இன்னும் அப்படியே நிற்கிறது. புது இயக்குநர் யாரும் கிடைக்கவில்லை. எஸ்தர் அக்கா தானே எடுக்கப்போவதாகச் சொல்லி, காமிரா இரவல் கேட்டிருக்கிறார். காமிராவைத் தனியாக அனுப்பமாட்டேன், கூட நானும் வருவேன் என்று அண்ணன் சொல்லியிருக்கிறார். பேச்சுவார்த்தை நடக்கிறது. கிரீடம் எங்கள் வீட்டு அலமாரியின்மேல் இருக்கிறது.

ஒன்று மட்டும் நான் அவரிடம் இதுவரை சொல்லவில்லை. அன்றைக்கு மணவறையோரம் கையை நீட்டிக்கொண்டு வேலையில்லாமல் நின்றேன் அல்லவா, அப்போது அங்கிக்குள்ளிருந்து என் கைப்பேசியை எடுத்து ஒரே ஒரு படம் எடுத்தேன். அத்தனை வருடம் எல்லோரையும் எடுத்தவர், தான் எந்தப் படத்திலும் இருந்ததில்லை. இந்தப் படத்தில் அவர் மட்டும்தான் இருக்கிறார். மண்டிபோட்டு, தோளில் காமிராவோடு, ஒரு கண்ணை இறுக மூடிக்கொண்டு. அவருடைய வழுக்கைத் தலையிலும் தோளிலும் மஞ்சள் மஞ்சளாகப் பொன்மழை கொட்டுகிறது. அவருக்கு அது தெரியவே இல்லை.

காட்டினால், பிரேம் சரியில்லை, ஒன்மோர் என்பார். அதனால் காட்டவில்லை. பஸ் லேட்டாகிற நாட்களில், கவுண்டரில் உட்கார்ந்தபடி, நான் மட்டும் எடுத்துப் பார்த்துக்கொள்கிறேன்.